மூச்சை இழுத்துப் பிடித்துத்தான் அளவு கொடுப்பார்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் ஊர் நாதஸ்வர வித்துவான் காலமான செய்தியை உங்கள் பத்திரிகையில் பார்த்தேன். மொத்தம் ஆறு வரி. அதில் ஒன்றரை வரி, அவர் பளபளக்கும் உடை போட்டு வேடிக்கை காட்டியவர் என்று போகிறது. அந்த உடைகளைத் தைத்தவன் நான். கும்பகோணம் பக்கத்தில் 38 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். அந்த ஒன்றரை வரிக்குப் பதில் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. மற்றதை சங்கீதம் தெரிந்தவர்கள் எழுதட்டும்.

கிளிப்பச்சை, மயில் கழுத்து, மாம்பழ மஞ்சள் எல்லாம் தைத்திருக்கிறேன். ஒருமுறை ஊதா சாட்டினில் ஜரிகைக் கரை வேண்டும் என்று நின்றார். "அண்ணே, மாப்பிள்ளையைவிட நீங்க மினுக்குவீங்களே" என்றேன். "மாப்பிள்ளை ஒருநாள்தான்டா மினுக்கணும், எனக்கு முகூர்த்தம் முச்சூடும் வேலை" என்றார்.

அவருக்கு அளவெடுப்பது தனி வேலை. சும்மா நின்றால் மார்பு 40. "இரு" என்று சொல்லி மூச்சை இழுத்துப் பிடிப்பார். டேப்பு என் விரலில் நழுவி 43-க்குப் போகும். "இதை எழுதிக்கோ. 40-க்குத் தைச்சா முதல்ல வாசிக்கிற மல்லாரியிலேயே பட்டன் தெறிச்சிடும்" என்பார். அவர் வாசிக்கும் பாரி நாயனம் நீளமான வகை நாதஸ்வரம். அதைத் தூக்கிப் பிடித்தால் கை இழுக்கும் என்று கைக்குழியைத் தாராளமாக வெட்டச் சொல்வார். இடது பக்கம் உள்ளே வெல்வெட்டில் ஒரு ஒடுக்கமான பாக்கெட். அது சீவாளிக்கு, நாயனத்தின் நுனியில் செருகி ஊதும் நாணல் துண்டுக்கு. திருவாவடுதுறைச் சீவாளி அதில் சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டு, அங்கேயே உதட்டில் வைத்துப் பீ என்று ஒரு ஊது ஊதுவார். தெருப் பிள்ளைகள் வாசலில் கூடிவிடும். அன்றைக்கு எனக்கு வேலை ஓடாது.

நாயனம் நரசிங்கம்பேட்டையில் செய்தது. யாரோ இடித்த வீட்டுத் தூணின் பழைய ஆச்சா மரம். அந்த ஊர் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, தனக்கே பட்டம் கொடுத்த மாதிரி என் கடைக்கு இனிப்போடு வந்தார். நாதஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளைக்காக அந்த ஊர் ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனத்தில் சுத்த மத்திமம் என்ற ஸ்வரத்தைச் சரியாகப் பேச வைத்த கதையை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். முடிக்கும்போது, "ராஜரத்தினம் பிள்ளையே கிராப்பு வெச்சு ஷெர்வாணி போட்டவர். நான் ஜிப்பாதானேடா போடறேன்!"

விஷயம் ஷோக்கு மட்டும் இல்லை. நாயனக்காரர் மேல்துணி போடக் கூடாது என்றிருந்த காலத்தில், அவருடைய தாத்தா மிராசுதார் வீட்டுக் கல்யாணங்களில் வெறும் உடம்போடு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாசித்தவர். கானாடுகாத்தானில் நாதஸ்வர வித்துவான் மதுரை சிவக்கொழுந்தைத் தோள்துண்டை எடுக்கச் சொன்னார்களாம்; எடுக்காதே என்று சுயமரியாதை இயக்கத்துப் பட்டுக்கோட்டை அழகிரிசாமி எதிர்த்து நின்றாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் சிரிக்க மாட்டார்.

அதே மனுஷன், ராத்திரி கோயில் பள்ளியறைக்கு நீலாம்பரி ராகம் வாசிக்கும் முன்னால் ஜிப்பாவைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துவிட்டு வெறும் உடம்போடு நிற்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "சாமிக்கு முன்னாடி நானா கழட்டறேன். கழட்டுன்னு எவனும் சொல்லல பாரு" என்றார். நனைந்த துணி கையில் கனத்தது. வியர்வையும் ஜவ்வாதும் கலந்த வாசனை. தையற்காரன் புத்தி, தையல் எங்காவது விட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன தை மாசம் கடைசியாக வந்தார். மூச்சை இழுத்துப் பிடித்தார். டேப்பு 37-ஐத் தாண்டவில்லை. நான் குனிந்தபடியே நோட்டில் எழுதப் போனேன். "பழைய அளவையே போடு" என்றார். 43-க்கே தைத்தேன். வாங்கிப் போக அவர் வரவில்லை, மகள் வந்து வாங்கிப் போனாள். கடைசியில் அவருக்கு அதைத்தான் போட்டார்கள். தோளில் தொளதொளவென்று கிடந்தது. வெல்வெட் பாக்கெட்டில் ஒரு சீவாளியை வைத்து நானே பட்டன் போட்டுவிட்டேன்.

இன்னொன்று. அவர் உடலுக்குச் சிவப்பு ஜிப்பா அணிவிக்கப்பட்டிருந்தது என்று போட்டிருக்கிறீர்கள். சிவப்பு இல்லை ஐயா, கனகாம்பர நிறம். மிச்சத் துணி இன்னும் என் கடையில் இருக்கிறது. வேண்டுமானால் உங்கள் நிருபர் வந்து பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு தையற்காரர்,
கும்பகோணம் வட்டம்.