தக்சிம் சிலையில் இன்னொரு கை

ஆசிரியருக்கு வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த துருக்கிப் பயணக் கட்டுரையை ஆசையோடு வாசித்தேன். இஸ்தான்புல்லின் தக்சிம் சதுக்கத்தில் நிற்கும் குடியரசு நினைவுச்சின்னத்தை, இத்தாலியச் சிற்பி பியெத்ரோ கனோனிகா செய்தது என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டார் கட்டுரையாளர். அது உண்மைதான். ஆனால் அந்த வேலையில் கனோனிகாவுக்குத் துணையாக இருந்த இரண்டு துருக்கிய இளைஞர்களின் பெயரையும் அங்கே சேர்த்திருக்க வேண்டும். ஒருவர் ஹாதி பாரா. மற்றவர் சபிஹா பெங்குதாஷ், துருக்கியின் முதல் பெண் சிற்பி.

சில ஆண்டுகளுக்கு முன் அந்தச் சதுக்கத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். மக்களிடம் நன்கொடை திரட்டி 1928இல் திறந்த சின்னம் அது. உயரம் 11 மீட்டர். ஒரு பக்கம் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தஃபா கெமால் அதாதுர்க் போர்க்கோலத்தில் நிற்கிறார். சுற்றி வந்தால் மறுபக்கம் கோட்டும் சூட்டுமாக, குடியரசுத் தலைவராக நிற்கிறார். பக்கவாட்டில் இரண்டு பெண் முகங்கள் உண்டு: ஒன்று முக்காடிட்டது, இன்னொன்று முக்காடு நீங்கியது. சபிஹா பிறந்தது 1904இல். சிலை திறந்தபோது அவருக்கு வயது 24தான் என்று கணக்குப் போட்டுப் பார்த்து, அந்த இரண்டாவது முகத்தை மறுபடியும் போய்ப் பார்த்தேன்.

தலைவரின் சிலைக்கு வெளிநாட்டவரை ஏன் அழைத்தார்கள் என்று கேட்கலாம். குடியரசுக்கு முன் ஆண்ட உஸ்மானியர் (ஒட்டோமான்) காலத்தில் பொது இடத்தில் மனித உருவம் வைக்கும் வழக்கமே இல்லை. இஸ்தான்புல்லில் நுண்கலைப் பள்ளி 1883இல் தொடங்கி, அங்கே சிற்பமும் கற்பித்தார்கள். ஆனாலும் பெரிய வெண்கலச் சிலை வார்த்த அனுபவம் உள்ளூரில் யாருக்கும் வாய்க்கவில்லை. ஆகவே 1926இல் இஸ்தான்புல்லின் சராய்புர்னு முனையில் வைத்த முதல் அதாதுர்க் சிலையை ஆஸ்திரியரான ஹைன்ரிஷ் கிரிப்பெல் செய்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உடனிருந்து தொழில் கற்றவர்களை மறந்துபோவதுதான் எனக்கு வருத்தம்.

சபிஹா துணையாளராகவே நின்றுவிடவில்லை. 1938இல் அதாதுர்க் சிலைக்கான போட்டியில் அவர்தான் முதல் பரிசு பெற்றார். அந்தச் சிலை தலைநகர் அங்காராவில், குடியரசுத் தலைவர்களின் பழைய இல்லமான சன்காயா மாளிகைத் தோட்டத்தில் இருக்கிறது. நம்மைப் போன்ற பயணிகள் நினைத்தவுடன் உள்ளே போய்ப் பார்த்துவிட முடியாத இடம். பெயர் பரவாததற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அதாதுர்க் சிலைகளைச் சேதப்படுத்துவோரைத் தண்டிக்க 1951இல் தனிச் சட்டமே கொண்டுவந்த நாடு அது. பள்ளிக்குப் பள்ளி அவருடைய மார்பளவுச் சிலையைக் காணலாம். பல, ஒரே அச்சில் எடுத்த பிரதிகள். முப்பது ஆண்டுகள் ஓவிய வகுப்பில் நின்றவள் என்பதால் சொல்கிறேன்: அவற்றில் மூக்கும் புருவமும் சரியாகவே இருக்கின்றன, பார்வை மட்டும் இல்லை. ஒரு முகத்தோடு மாதக்கணக்கில் மல்லுக்கட்டிய சிற்பியின் சிலை அப்படி வெறித்துப் பார்க்காது.

கட்டுரை நூலாக வருமானால் அந்த வரியில் இரண்டு பெயர்களையும் சேர்க்கும்படி கட்டுரையாளரைக் கேட்டுக்கொள்கிறேன். 'பெங்குதாஷ்' என்றால் அழியாத கல் என்று பொருள். துருக்கி போகும் வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புர்சா செல்வோர் பக்கத்திலேயே மர்மரா கடலோரம் இருக்கும் முதன்யாவுக்கும் போய் வாருங்கள். 1922இல் துருக்கிய விடுதலைப் போரின் போர்நிறுத்த உடன்படிக்கை கையெழுத்தான ஊர் அது. அதில் துருக்கி சார்பில் கையெழுத்திட்டு, பின்னாளில் குடியரசுத் தலைவரான இஸ்மெத் இனோனுவின் சிலை அங்கே நிற்கிறது. அதைச் செய்தவர் சபிஹா.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
கும்பகோணம்