கேஸ் அடுப்பு பராமரிப்பு: குழு உறுப்பினர்கள் கவனத்துக்கு

எல்லாருக்கும் வணக்கம். தீ மஞ்சளா எரியுது, பாத்திரத்து அடியில கரி பிடிக்குதுன்னு நிறைய பேர் கேட்கறீங்க. பெரும்பாலும் சிலிண்டர் மேல தப்பு இல்ல. பர்னர் ஓட்டை அடைச்சா, இல்ல அடியில காத்து போற வழியில தூசி, பூச்சிக்கூடு இருந்தா காத்து குறைஞ்சு தீ மஞ்சளாகும்.

பித்தளை பர்னரை வெந்நீர்ல புளி கரைச்சு அரை மணி நேரம் ஊறவச்சு, பழைய பல் பிரஷ்ஷால தேய்ங்க. ஓட்டைக்கு மெல்லிய ஊசி போதும். அலுமினிய பர்னருக்குப் புளி, சோடா ரெண்டும் வேணாம்; கறுத்துப்போகும், அரிக்கும். சோப்புத் தண்ணியே போதும். நம்ம வேலூர் போர் தண்ணி உப்பு; அப்படியே காயவிட்டா ஓட்டையில வெள்ளைப் படிவம் நிக்கும். கடைசியா குடிதண்ணில அலசி, முழுசா காஞ்சப்புறம் மாட்டுங்க. ஈரத்தோட மாட்டினா தீ பட்பட்னு வெடிச்சு அணையும்.

உள்ளே இருக்கற ஜெட்டை (கேஸ் வர்ற சின்னத் துளை உள்ள முனை) மட்டும் ஊசியால குத்தாதீங்க. துளை பெருசானா கேஸ் அதிகம் வரும், கரி இன்னும் கூடும். குமிழ் இறுகினா தேங்காய் எண்ணெய் விடற பழக்கம் வேணாம், மெக்கானிக் வந்து கிரீஸ் போடட்டும்.

ஆரஞ்சு டியூப்ல தேதி அச்சடிச்சிருக்கும். 5 வருஷத்துக்கு மேல ஓட்டாதீங்க. நீளம் ஒன்றரை மீட்டருக்குள்ள இருக்கணும், துணி சுத்தக்கூடாது.

கசிவு பார்க்க சோப்பு நுரை தடவுங்க, தீக்குச்சி கூடவே கூடாது. வாசனை அடிச்சா ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறங்க, ஸ்விட்ச் எதையும் தொடாம வெளியே வந்து கேஸ் கசிவு அவசர எண் 1906-க்கு கூப்பிடுங்க.