எட்டு வருஷம் கழிச்சும் அதே பேப்பரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய குற்ற ரெக்கார்ட வேலை குடுக்குறவங்க கண்ணுல படாம தானாவே மூடி வைக்கிற (அதான் "சீல்") நியூயார்க்கோட கிளீன் ஸ்லேட் சட்டத்த பத்தி "ரவுடிங்கள எல்லாம் வெள்ளையடிச்சு விடுறாங்க"ன்னு வந்த கடிதத்த படிச்சேன். அவர் சட்டத்த முழுசா படிக்கலன்னு நினைக்கிறேன். கொலை மாதிரி ஏ கிளாஸ்னு சொல்ற ரொம்ப பெரிய குற்றமும் (போதை கேஸ் தவிர) பாலியல் குற்றமும் இதுல சீல் ஆகவே ஆகாது. மத்த ஃபெலனிக்கு, அதாவது பெரிய குற்றத்துக்கு, 8 வருஷம், சின்ன கேஸுக்கு 3 வருஷம், அதுவும் தண்டனை முடிஞ்சு வெளிய வந்த அப்புறம் புதுசா எந்த கேஸும் இல்லாம இருக்கணும். போலீஸ் அப்பவும் பாக்கலாம், துப்பாக்கி லைசென்ஸ் குடுக்குறவங்களும் பாக்கலாம்.

எங்க கிச்சன்ல ஒருத்தர் பாத்திரம் கழுவுறார், 19 வயசுல வழிப்பறி கேஸு, இப்போ 41. போன மாசம் கூட ஒரு வேலைக்கு போய் பேக்ரவுண்ட் செக்ல திரும்பி வந்தார், அந்த செக் ரிப்போர்ட் பேப்பர நாலா மடிச்சு ஏப்ரன் பாக்கெட்ல வச்சிருந்தார், ஈரத்துல எழுத்து ஊறி போயிருந்துச்சு. 2017ல வந்த பழைய சட்டத்துல வன்முறை ஃபெலனின்னாலே சீல் பண்ண சொல்லி மனு போட முடியாது, 10 வருஷம் இல்ல 20 வருஷம் ஒழுங்கா இருந்தாலும் சரி. புது சட்டம் 2024 நவம்பர்ல நடைமுறைக்கு வந்துடுச்சு, ஆனா பழைய ரெக்கார்டெல்லாம் சீல் பண்ணி முடிக்க கோர்ட்டுக்கு 2027 நவம்பர் வரைக்கும் டைம் குடுத்திருக்காங்க. அதான் எனக்கு எரிச்சல், கம்ப்யூட்டர் காலத்துல 3 வருஷமா?

இப்படிக்கு,
ஒரு வாசகர், குயின்ஸ்