மே மாத சுன்னத் முகாம்: நிதி வேண்டுகோள்

அஸ்ஸலாமு அலைக்கும்.

மே விடுமுறையில் திருப்பூரில் நம் ஜமாஅத் நடத்தும் இலவச சுன்னத் (ஆண் பிள்ளைகளுக்கு முன்தோல் நீக்கும்) முகாமுக்காக உங்களிடம் வருகிறோம். இந்தத் தடவை ஒரு நாளைக்குக் குறைவான பிள்ளைகளைத்தான் எடுக்கிறோம். கேட்கும் பணம் மட்டும் கூடியிருக்கிறது. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம்.

வெளியே வரிசை நீண்டால் உள்ளே கை வேகம் பிடிக்கும். பிழை நடப்பது அங்கேதான். மரத்துப்போகும் ஊசியைப் பிள்ளையின் எடை பார்த்துப் போட்டு, அது பிடிக்கும் வரை பொறுக்க வேண்டும். ஒட்டியிருக்கும் உள்தோலை ஆணுறுப்பின் நுனி மொட்டிலிருந்து பக்குவமாகப் பிரிக்க வேண்டும். வெளித்தோலிலும் உள்தோலிலும் பேனாவால் கோடு போட்டு, அந்தக் கோட்டில்தான் வெட்ட வேண்டும். கோடு போடாமல் இழுத்துப் பிடித்து வெட்டினால் ஒரு பக்கம் தொங்கும், மறு பக்கம் இழுக்கும். சிலருக்குத் தோல் மொட்டோடு பாலம் போல ஒட்டிவிடும். "ஆறினா சரியாயிரும்ங்க" என்று பெற்றோரைத் தேற்றி அனுப்பிவிடுகிறார்கள். அந்தப் பையன் கல்யாண வயதில் இதை யாரிடம் போய்ச் சொல்வான்?

எல்லாப் பிள்ளைக்கும் முகாமிலேயே செய்துவிடவும் கூடாது. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் அடிப்பக்கம் இருந்தால் கத்தியே வைக்கக் கூடாது. பிறகு அதைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்த முன்தோல் தேவைப்படும். ரத்தம் உறையாத நோய் தாய் வழியில் வரலாம் என்பதால், தாய்மாமன் யாருக்காவது பல் பிடுங்கியபோது ரத்தம் நிற்காமல் போனதா என்றும் கேட்போம். ஆமென்றால் ரத்தப் பரிசோதனை முடிந்த பிறகுதான் மற்றதெல்லாம். இப்படி முன்கூட்டியே பார்க்கவும், குழந்தை அறுவை நிபுணரையும் மயக்க மருந்து டாக்டரையும் நாள் முழுக்க வைத்திருக்கவும் பணம் வேண்டும்.

அப்புறம் கருவிகள். ரத்தத்தை நிறுத்தச் சூடு வைக்கும் சாதாரண மெஷினில் கரண்ட் உடம்பு வழியாகப் போகும். சின்ன உறுப்பின் ஒடுங்கிய அடிப்பகுதியில் சூடு குவிந்து சதை கருகிப்போனது மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. பைபோலார் மெஷினில் கரண்ட் இடுக்கியின் இரு முனைகளுக்கு இடையில் மட்டும் ஓடும். அதைத்தான் வாங்கப் போகிறோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக ஒரு கருவி செட் வேண்டும். துணியில் சுற்றிய செட், நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் இருக்க வேண்டும். ஒரே செட்டை ஸ்பிரிட்டில் முக்கி அடுத்த பிள்ளைக்கு எடுக்க நாங்கள் சம்மதிக்க மாட்டோம். தானாகக் கரையும் நூல், வாசலின், டிரெஸ்ஸிங், வலி மருந்து எல்லாம் வீட்டுக்கே கொடுத்தனுப்புவோம். கைலியைக் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கும் பிள்ளைகளை ஒரு வாரத்தில் திரும்ப வரச்சொல்லிப் புண்ணைப் பார்ப்போம்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் பனியன் கம்பெனியில் வாரச் சம்பளம் வாங்குபவர்களின் பிள்ளைகள். தனியார் ஆஸ்பத்திரிச் செலவு அவர்களுக்குக் கட்டுப்படியாகாது. முன்தோல் இறுக்கத்துக்காக டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தால், எந்த மதத்துப் பிள்ளையானாலும் சேர்த்துக்கொள்கிறோம்.

ஒரு பிள்ளையின் முழுச் செலவை ஏற்கலாம், ஒரு கருவியை வாங்கித் தரலாம், முடிந்ததைக் கொடுக்கலாம். ஜகாத் என்றால் கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். அது ஏழைப் பிள்ளைகளின் செலவுக்கு மட்டும் போகும். மெஷின்களுக்கு சதகா, லில்லாஹ் (விரும்பிக் கொடுக்கும் தர்மம்) பணம்தான். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு முழுவதும் பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும்.

இப்படிக்கு,
சுன்னத் முகாம் குழுவினர்