கச்சேரி வைக்கப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போஸ்டர் வந்து சேர்ந்தது. கோத்தகிரி, மே மாதம், சனிக்கிழமை சாயங்காலம், சினிமாப் பாடகர், பெரிய வாத்தியக் குழு. அடியில் "ஒலி அமைப்பு" என்று நம்ம கடைப் பெயரையும் போட்டுவிட்டாய். நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்பது உனக்கும் தெரியும். போனில் காரணம் சொல்ல ஆரம்பித்தால் "அதெல்லாம் பாத்துக்கலாம்ணா" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். சீசனில் இதே மாதிரி கச்சேரி வைக்கிற பையன்கள் ஊட்டியிலும் குன்னூரிலும் இருக்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவிலேயே போடுகிறேன். உன் பெயரை எடுத்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

நீ பேசியதில் பாதி லைட்டைப் பற்றி, மீதி ஸ்பான்சரைப் பற்றி. கேட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அந்த மைதானத்துக்கு ஒரே கேட். இரண்டு கதவையும் திறந்தால் மூன்று மீட்டர் தேறும். தாண்டினதும் கல்படி, கீழே இறங்குகிறது. மூவாயிரம் டிக்கெட், இரண்டாயிரம் பாஸ் என்றாய். இங்கிலாந்தில் விளையாட்டரங்குகளுக்கென்று ஒரு பாதுகாப்புக் கையேடு வைத்திருக்கிறார்கள். அதன் கணக்குப்படி சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர் போகலாம். படியாக இருந்தால் 66 பேர்தான். உன் மூன்று மீட்டர் படியில் நிமிடத்துக்கு 198. ஐந்தாயிரம் பேர் வெளியே வர 25 நிமிடம். அதுவும் யாரும் தடுக்கி விழாமல், யாரும் செருப்பைத் தேடி நிற்காமல், மறந்துவைத்த குடையை எடுக்க யாரும் எதிரே வராமல் இருந்தால். எட்டு நிமிடத்துக்குள் ஆட்கள் வெளியேறிவிட வேண்டும் என்கிறது அதே கையேடு. அப்படியானால் உனக்கு ஒன்பதரை மீட்டர் படி வேண்டும். இருப்பது மூன்று.

அந்தக் கையேடே ஒரு படிக்கட்டுச் சாவுக்குப் பிறகு வந்ததுதான். 1971 ஜனவரி 2, கிளாஸ்கோவில் ஐப்ராக்ஸ் மைதானம். கால்பந்து பார்த்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவர்கள் படியில் நெரிந்து 66 பேர் செத்தார்கள். (மேலே சொன்ன 66-க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தற்செயல்.) கிளாஸ்கோ எங்கேயோ இருக்கிறது என்பாய். கொச்சி பக்கத்தில்தானே? 2023 நவம்பர் 25, குசாட் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கு. மாணவர் விழா, பாடகி வரவேண்டும், பாட்டு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மழை பிடித்தது. வெளியே நின்றவர்கள் ஒதுங்க இடம் தேடி உள்ளே தள்ளினார்கள். கேட்டைத் தாண்டினால் கீழே இறங்கும் படி. முன்னால் போனவர்கள் விழுந்தார்கள், பின்னால் வந்தவர்கள் அவர்கள்மேல் விழுந்தார்கள். நான்கு பேர் போய்விட்டார்கள். அங்கே இருந்த கேட்டும் படியும் உன் மைதானத்திலும் இருக்கின்றன. மழைக்குத்தான் தேதி தெரியாது. மே மாதச் சாயங்காலத்தில் இங்கே மழை வராது என்று உனக்கு யார் எழுதிக் கொடுப்பார்கள்? ஒதுங்க இருப்பதோ மேடைக்குப் பக்கத்தில் ஒரு தகரக் கொட்டகை.

கரூரில் 2025 செப்டம்பர் 27 அன்று 41 பேர் போன பிறகு இதையெல்லாம் யாருக்கும் புதிதாகச் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்திருந்தேன். "அது கட்சிக் கூட்டம்ணா, இது பாட்டு" என்றாய். நெஞ்சுக்கூட்டுக்கு அந்த வித்தியாசம் தெரியாது தம்பி.

நெரிசல் என்றால் விழுந்து மிதிபட்டுச் சாவது என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பலர் நின்றபடியே சாகிறார்கள். மூச்சை இழுக்க நெஞ்சு விரிய வேண்டும். நாலு பக்கமும் உடம்புகள் அழுத்தினால் விரியாது, சில நிமிடங்களில் நினைவு போய்விடும். கீழே விழக்கூட இடம் இருக்காது. பின்னாலிருந்து ஒவ்வொருவரும் கொடுக்கிற சின்னச் சின்னத் தள்ளல் சேர்ந்து சேர்ந்து முன்வரிசைக்கு வரும்போது இரும்புக் கம்பியை வளைக்கிற அளவுக்கு ஆகிவிடுகிறது. ஜான் ஃப்ரூயின் என்ற அமெரிக்கப் பொறியாளர் எழுதியிருக்கிறார்: ஒரு சதுர மீட்டரில் ஏழு பேர் ஆகிவிட்டால் கூட்டம் ஏறக்குறைய திரவம் போல நடந்துகொள்ளும், அதில் கிளம்பும் அலை ஆளை மூன்று மீட்டருக்கு மேல் தூக்கிக்கொண்டு போகும். அதற்குள் மாட்டியவர் பலசாலியா, குடித்திருந்தாரா, ஒழுக்கமானவரா என்பதெல்லாம் கணக்கிலேயே வராது. மறுநாள் டீக்கடையில் "பொறுப்பில்லாத ஜனங்க" என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருவது அதனால்தான்.

சதுர மீட்டருக்கு நாலு பேர் வரை பரவாயில்லை. ஐந்தைத் தாண்டினால் காலை நம் இஷ்டத்துக்கு எடுத்துவைக்க முடியாது. நம்பிக்கை இல்லையென்றால் கடைக்கு முன்னால் சாக்பீஸில் ஒரு மீட்டர் கட்டம் போட்டு, கேபிள் இழுக்கிற பையன்களில் நாலு பேரை நிற்கவை. பிறகு ஆறு. பிறகு ஏழு. தீபாவளிக்கு முந்தின நாள் மேட்டுப்பாளையம் பஸ் மாதிரி இருக்கும். பஸ்ஸுக்குள் தள்ளுவது எழுபது, எண்பது பேர். உன் மைதானத்தில் ஆயிரக்கணக்கில்.

இனி நம்ம தொழிலுக்கு வருகிறேன். முன்னால் ஒருவன் மூச்சுக்குத் திணறுவது பத்து வரிசை தள்ளி நிற்பவனுக்குத் தெரியாது. முன்னால் சிலர் சாய்ந்துவிட்டால் இவனுக்கு இடம் விட்டது போலத் தெரியும், இன்னொரு அடி எடுத்துவைப்பான். முன்னாலிருந்து பின்னாலே சேதி போக இருக்கிற ஒரே வழி மைக். அது நம் கையில் இருக்கிறது. அதே மைக்கால் கெடுதலும் நடக்கும். 1979 டிசம்பர் 3, அமெரிக்காவில் சின்சினாட்டி. 'தி ஹூ' குழுவின் கச்சேரி. பெரும்பாலான டிக்கெட்டில் இருக்கை எண் கிடையாது, முந்தி வந்தவனுக்கு முன்னிடம். ஆயிரக்கணக்கானவர்கள் வெளியே குளிரில் நிற்கிறார்கள், கதவுகளில் சிலதை மட்டும்தான் திறந்தார்கள். உள்ளே சவுண்ட் செக், அதாவது கச்சேரிக்கு முன்னால் ஒலியைச் சோதித்துப் பார்க்கிற சத்தம், கேட்டதும் கச்சேரி தொடங்கிவிட்டது என்று பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். 11 பேர் வாசலிலேயே போய்விட்டார்கள். உள்ளே வாசித்துக்கொண்டிருந்த குழுவுக்கு நிகழ்ச்சி முடிகிறவரை விஷயமே தெரியாது.

ஆகவே கேட்டுக்கு வெளியே ஆள் சேர்ந்த பிறகு நான் "செக், ஒன், டூ" சொல்லமாட்டேன். எல்லாம் மத்தியானத்துக்குள் முடிந்தாக வேண்டும். பாடகர் கோயம்புத்தூரிலிருந்து லேட்டாக வந்தால் செக் இல்லாமலே பாடட்டும். பெரிய பாடகர்தானே.

உன் டிசைனில் எல்.இ.டி. திரையில் நிமிடம் குறைந்துகொண்டே வருகிற கடிகாரம் ஒன்று பார்த்தேன். எடுத்துவிடு. 2021 நவம்பர் 5, ஹூஸ்டனில் ஆஸ்ட்ரோவேர்ல்ட் விழாவில் அப்படித்தான் ஒரு கடிகாரம் ஓடியது, அது முடிய முடியக் கூட்டம் மேடையை நோக்கி நெருக்கியது. சுமார் 50,000 பேர், கடைசியில் 10 பேர் சாவு. அதில் ஒரு பையனுக்கு வயது 9. பெரிய விபத்து என்று அதிகாரிகள் அறிவித்த பிறகும் அரை மணி நேரத்துக்கு மேல் பாட்டு ஓடியது என்பதைத்தான் என்னால் இன்றைக்கும் ஜீரணிக்க முடியவில்லை. ஒலியைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் ஒருவன் நின்றிருப்பானே? அவனுக்கு நிறுத்தும் அதிகாரம் இல்லை, அல்லது அவனிடம் யாரும் சொல்லவில்லை. நிறுத்தினால் மட்டும் போதாது, நேரத்தோடு நிறுத்த வேண்டும். டென்மார்க்கில் ரோஸ்கில்டே விழா, 2000 ஜூன் 30, மழையும் சேறும். 'பேர்ல் ஜாம்' பாடகர் பாட்டை நிறுத்திப் பின்னால் நகரச் சொல்லிக் கெஞ்சினார். அதற்குள் முன்னால் ஆட்கள் விழுந்துவிட்டார்கள், 9 பேர். இப்போது அங்கே மேடைக்கு முன்பகுதியைத் தனியாகத் தடுத்து, எண்ணித்தான் உள்ளே விடுகிறார்கள்.

ஸ்பீக்கர் பெட்டிகளை மேடையின் இரு பக்கமும் ஆளுயரத்துக்கு அடுக்கச் சொன்னாய், போட்டோவுக்கு நன்றாக இருக்கும் என்று. பாதியைத்தான் அங்கே வைப்பேன். மீதியை மைதானத்தின் நடுவில் கம்பம் நட்டு ஏற்றி, மேடைச் சத்தம் அங்கே வந்து சேரும் நேரத்துக்கு ஒத்துப்போகிற மாதிரி டிலே (தாமதம்) போட்டு ஓட்டுவேன். பின்னால் நிற்பவனுக்கு வார்த்தை வார்த்தையாகக் கேட்டால் அவன் ஏன் முன்னால் முண்டுகிறான்? ஒரு எல்.இ.டி. திரையும் பின்பக்கம் வேண்டும். கீழ்நாட்டில் இது வசதி, இங்கே அவசியம். மேகம் இறங்கிவிட்டால் இருபது அடியில் ஆள் தெரியாது. மேடை தெரியவில்லை என்றால் அத்தனை பேரும் கிட்டே போகப் பார்ப்பார்கள், அதுவும் சரிவில், மேலிருந்து கீழே.

அந்தச் சரிவின் அடியில், தேயிலைத் தோட்டத்துக்கு மேலே இருக்கிற கல் சுவரை நீ வேலிக்கணக்கில் சேர்த்திருக்கிறாய். மண்ணைத் தாங்கக் கட்டின சுவர் அது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டடி, ஆளைத் தாங்கக் கட்டினது இல்லை. அதற்கு மூன்று மீட்டர் உள்ளே தள்ளித் தடுப்பு போடு. கற்பூர மரக் கட்டையைக் கயிறு போட்டுக் கட்டுகிற தடுப்பு மேடைக்கு முன்னால் வேண்டவே வேண்டாம். பெரிய கச்சேரிகளில் வைக்கிற இரும்புத் தடுப்பில் அடியில் ஒரு தகடு நீட்டியிருக்கும், முன்வரிசைக்காரன் அதன்மேல்தான் நிற்பான். அவன் எடையே தடுப்பைச் சாயவிடாது. கோயம்புத்தூரில் வாடகைக்குக் கேட்டுப்பார்.

சோபா போட்டு வி.ஐ.பி. வரிசை என்று பாதி மைதானத்தை விழுங்கியிருக்கிறாய். 2024 பிப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரன் கச்சேரி. முன்னால் காசு கொடுத்தவர்களுக்கு நாற்காலி, இலவசமாக வந்தவர்கள் பின்னால். கூட்டம் தடுப்பை உடைத்துக்கொண்டு வந்து, நடுவில் நிகழ்ச்சியே நின்றது. இரண்டாயிரம் பாஸ் என்பதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. பாஸ் என்பது வாட்ஸ்அப்பில் "ஃப்ரீயாம்" என்று மாறிவிடும். பெங்களூரில் 2025 ஜூன் 4 அன்று கிரிக்கெட் வெற்றி விழாவுக்கு அப்படிக் கிளம்பி வந்தவர்களில் 11 பேர் மைதானத்து வாசல்களில் செத்தார்கள். நம்ம மலைக்கு ஏறுகிற வெளியூர் வண்டியையே இ-பாஸ் போட்டு எண்ணுகிறார்கள். 2025 சீசனில் நீதிமன்றம் வார நாளுக்கு 6,000, சனி ஞாயிறுக்கு 8,000 என்று வரம்பே வைத்தது. உன் கேட்டில் தலை எண்ணுவது யார்? இரண்டு பையன்கள் கையில் எண்ணும் கருவியைக் கொடு, ஆயிரம் ரூபாய்கூட ஆகாது. நாலாயிரத்தோடு கேட்டைச் சாத்து. ஆனால் சாத்துகிற சேதியை மேலே ரோட்டிலேயே, பஸ் நிறுத்தத்திலேயே குழாய் ஸ்பீக்கர் கட்டிச் சொல்ல வேண்டும். கேட் வரை வந்து நெருக்கியவனிடம் சொல்லிப் பயனில்லை.

முடிகிற நேரம் இன்னொரு தலைவலி. பத்து மணிக்கு மைக் நிற்க வேண்டும், சட்டம். பெரிய பாட்டைக் கடைசிக்கு வைத்தால் ஐந்தாயிரம் பேரும் ஒரே மூச்சில் படிக்கு வருவார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க. பாடகரை ஒன்பது மணிக்கே முடிக்கச் சொல். அதன் பிறகு நம்ம படுகப் பாட்டு போடுவோம். ஆடுகிறவர்கள் வட்டம் கட்டி ஆடட்டும், வெளியூர்க்காரர்களும் குழந்தை வைத்திருப்பவர்களும் முதலில் கிளம்பிவிடுவார்கள். பாடகரின் மேனேஜர் ஒத்துக்கொள்ளமாட்டார். பேசிப்பார். பெரிய விஷயமாக நினைக்காதே, நாலைந்து பாட்டுதான்.

ரோட்டில் இரண்டு பக்கமும் வண்டி நிறுத்த விடாதே, 108 வர வேண்டும். இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

இப்போது என் நிபந்தனை. மிக்சருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கிடையாது: கூட்டத்தைப் பார்ப்பது மட்டும். மேடை முன்னால் இரண்டு பேர், கேட்டில் ஒருவர், படியில் ஒருவர், எல்லோரிடமும் வாக்கிடாக்கி. செல்போனை நம்பாதே, அவ்வளவு கூட்டத்தில் டவர் கிடைக்காது. அந்த ஆள் என் தோளைத் தட்டினால் நான் சத்தத்தைக் குறைக்கிற ஃபேடரை இறக்குவேன். உன்னிடம் கேட்கமாட்டேன், ஸ்பான்சரிடமும் கேட்கமாட்டேன். பட்டென்று வெட்டினால் ஜனங்களுக்குக் கோபம்தான் வரும். அதனால் முதலில் பாட்டை மெல்ல இறக்கி, மைதான விளக்கை முழுதும் ஏற்றி, பாடகர் வாயாலேயே "எல்லோரும் இரண்டு அடி பின்னால் போங்க, பின்னால் நிற்கிறவங்க முதலில் நகருங்க" என்று சொல்லவைக்க வேண்டும். முன்னால் இருப்பவனால் நகர முடியாது, அவனிடம் சொல்லி என்ன பயன்? இதைப் பாடகரிடம் மேடை ஏறுவதற்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். கரண்ட் போய் ஜெனரேட்டரும் மக்கர் பண்ணினால் பேச வழி வேண்டும் என்பதற்காகத் தனி ஆம்ப்ளிஃபயரும் நாலு குழாயும் பேட்டரியில் போட்டு வைக்கிறேன். அதற்கு வாடகை வேண்டாம்.

கீழ்ப்பக்கம் பள்ளிக்கூடத்தை ஒட்டி ஒரு சின்ன வழி, முள்கம்பி போட்டு மூடிக்கிடக்கிறது. அகலம் எவ்வளவு என்று தெரியவில்லை. அதைத் திறக்க முடிந்தால், சமதளம்தான், கணக்கு மாறும். ஞாயிற்றுக்கிழமை காலையில் டேப் எடுத்துக்கொண்டு வா, அளந்துவிடலாம். தலைமையாசிரியரிடம் நான் பேசுகிறேன். தீயணைப்பு நிலையத்துக்கும் போலீசுக்கும் கொடுக்கிற வரைபடத்தில் அந்த வழியும் இருக்க வேண்டும். அட்வான்ஸ் பணத்தை அதற்கு முன்னால் கொண்டுவராதே, வாங்கமாட்டேன்.

உன் அண்ணன்