முதலாம் தவணையிலேயே வகுப்பறையைக் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் 1986 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கச் சட்டத்தின் வழி உருவான கல்வியியற் கல்லூரிகளில், ஆசிரிய மாணவர்கள் இரண்டு வருடங்கள் தங்கிப் படித்து, மூன்றாம் வருடம் பாடசாலையொன்றில் கற்பித்துப் பழகும் கட்டுறுப் பயிற்சி பெறுகின்றனர். இடையே கற்பித்தல் பயிற்சி உண்டு என்றாலும், பிள்ளைகளோடு நீண்ட பழக்கம் ஏற்படுவது கடைசி வருடத்தில்தான். அவற்றில் ஒன்றான பத்தனை ஸ்ரீபாத கல்லூரியைச் சுற்றித் தேயிலைத் தோட்டப் பாடசாலைகள் இருக்கையில், முதலாம் தவணையிலேயே அவர்களை அங்கு அனுப்பிப் பார்க்க வைத்தால் என்ன?

நான் அதிபராக இருந்த பாடசாலையில் தரம் 2உம் தரம் 3உம் ஒரே மண்டபத்தில், நடுவே ஒரு கரும்பலகை மட்டும் தடுப்பாக நிற்க, நடந்தன. கட்டுறுப் பயிற்சிக்கு வந்த ஆசிரியை ஒருவர், கழித்தல் கற்பிக்கப் பழக்கடையொன்றை வரைந்த அழகான மட்டைகளைக் கொண்டுவந்தார். பாடக்குறிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தகரக் கூரையில் மழை பிடித்ததும் அவர் குரல் முதல் வாங்கைத் தாண்டவில்லை. பிள்ளைகளும் அந்தக் கடையில் ஒட்டவில்லை. மழை விட்டதும், கடைசி வாங்கில் இருந்த பையனிடம், அம்மா நேற்று எத்தனை கிலோ கொழுந்து எடுத்தார் என்று கேட்டேன். "சேர், பத்தொன்பது. கொழுந்துல இருந்த தண்ணிக்கு ரெண்டு கழிச்சிட்டாங்க, பதினேழுதான் விழுந்துச்சு" என்றான், விரலை மடக்காமலே. மறுநாள் மட்டைகளில் பழக்கடை போய்த் தராசு வந்திருந்தது. இந்தப் பதிலை முதலாம் வருடத்திலேயே கேட்டிருந்தால், கணிதம் கற்பிக்கும் முறை பற்றிய விரிவுரைகளில் அவர் வேறு கேள்விகளைக் கேட்டிருப்பார்.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது தேவையில்லை என்பர். வாங்கில் இருந்து பார்த்த வகுப்பு வேறு, கரும்பலகைப் பக்கம் நின்று பார்க்கும் வகுப்பு வேறு. மாணவனாக இருந்தபோது ஆசிரியர் ஏன் அப்படிச் செய்தார் என்று நம்மில் யார் யோசித்தோம்?

1896 இல் அமெரிக்கக் கல்வியியலாளர் ஜோன் டூயி சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடசாலையொன்றைத் தொடங்கி, அதையே கல்வியியலின் ஆய்வுகூடமாக வைத்துக்கொண்டார். பின்லாந்தில் பல்கலைக்கழகங்களோடு பயிற்சிப் பாடசாலைகள் இணைந்தே இயங்குகின்றன. நமக்கோ புதிய கட்டடம்கூட வேண்டியதில்லை.

எனினும் வெறுமனே அனுப்பினால் அது சுற்றுலாவாகிவிடும். எதைக் கவனிப்பது என்பதை விரிவுரையாளர் முன்கூட்டியே சொல்லி, திரும்பியதும் அதைப் பற்றிப் பேச வேண்டும். பார்க்க வந்த ஆசிரிய மாணவரை, ஆசிரியர் வராத வகுப்புக்குப் பதில் ஆசிரியராக நிறுத்திவிடும் பழக்கத்தை அதிபர்களும் கைவிட வேண்டும். (நானும் செய்திருக்கிறேன்.) மாதத்தில் இரண்டு நாட்கள், கைக்குறிப்புப் புத்தகத்தோடு, பல தரப் பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கும் பல்தர வகுப்பொன்றின் ஓரத்தில் உட்கார்ந்து பார்ப்பதிலிருந்து இதைத் தொடங்கலாம். பஸ் கட்டணத்தைக் கல்லூரியே ஏற்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அதிபர்,
ஹட்டன்.