கூண்டு வேண்டாம், மைதானம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

அன்றைக்குக் கந்தப்பளை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர் பேசிக்கொண்டு வந்தார்கள். நுவரெலியா விக்டோரியா பூங்காவின் ஒரு மூலையில் மான், மயில், குரங்கு என்று நாலு கூண்டு வைத்தால் சீசனுக்கு நல்ல வருமானம் வருமாம். "மெல்பர்ன்ல இல்லையா? டவுனுக்கு நடுவுல பார்க், அதுக்குள்ளேயே மிருகக்காட்சிசாலை" என்றார் ஒருவர். இறங்குகிற அவசரத்தில் அவருக்குப் பதில் சொல்ல முடியவில்லை. அதுதான் எழுதுகிறேன்.

மெல்பர்னில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தபோது, அவர் சொன்ன அந்தப் பூங்காவில், ரோயல் பார்க்கில், தினமும் நடந்தவன் நான். பூங்கா ஏறக்குறைய 180 ஹெக்டேயர். மிருகக்காட்சிசாலை 1862இலேயே அங்கே வந்துவிட்டது. ஆனால் அது பிடித்திருப்பது எட்டில் ஒரு பங்குதான். வேலியும் டிக்கட்டும் அதற்கு மட்டும். மீதிப் புல்வெளிக்குள் யாரும் எந்த நேரமும் போகலாம். கிரிக்கெட், ஹொக்கி, வலைப்பந்து, ஒன்பது குழி கோல்ப் எல்லாம் உண்டு. சனிக்கிழமை காலையில் பேரனோடு போய் உட்காருவேன். மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து சிங்கம் கர்ஜிக்கும். பந்து போட ஓடி வருகிற பொடியன் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ரோட்டில் ஓடுகிற மழைத்தண்ணீரை ஒரு சதுப்புக் குளத்தில் தேக்கி, நாணலில் வடியவிட்டு, அதையே மைதானப் புல்லுக்குப் பாய்ச்சுகிறார்கள். மழைக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் அந்தத் தண்ணீர் சேற்றோடு வாவிக்குப் போகிறது.

சரி, கூண்டு விஷயத்துக்கு வருகிறேன். அந்த மிருகக்காட்சிசாலையில் இருந்த 9 யானைகளையும் 2025 பெப்ரவரியில் நகரத்துக்கு வெளியே வெரிபி திறந்தவெளி மிருகக்காட்சிசாலைக்குக் கொண்டுபோய்விட்டார்கள், விசாலமாக நடமாடட்டும் என்று. நம் விக்டோரியா பூங்கா மொத்தமே 27 ஏக்கர் அளவுதான், அவர்களுடைய மிருகக்காட்சிசாலையில் பாதி. அதிலும் மாரியில் ஆறுமணிக்குருவியும் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் யாரும் அழைக்காமலே வந்து இறங்குகின்றன. அவற்றைப் பார்க்கத்தானே கமெராக்காரர்கள் விடியற்காலையில் குளிரில் நிற்கிறார்கள்? அங்கே கூண்டு எதற்கு?

நமக்கு இல்லாதது மைதானம். நுவரெலியாவில் சமதரை கண்ட இடத்தையெல்லாம் வெள்ளைக்காரர் தங்கள் பொழுதுபோக்குக்கு எடுத்துக்கொண்டார்கள். 1875இல் குதிரைப் பந்தயத் திடல், 1889இல் கோல்ப். தேயிலைத் தோட்டத்தில் உழைத்த நம் ஆட்களுக்கு லயம் என்ற வரிசை வீடுகளைக் கட்டியது சரிவில். எங்கள் தோட்டத்தில் காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்களத்துக்குக் கீழே ஒரு மைதானம் இருந்தது, நான் ஆடியது. இன்று அதில் பாதி கட்டடம். மீதியில் லொறி நிற்கிறது.

பிள்ளைகள் இப்போது ரோட்டு வளைவில் ஆடுகிறார்கள். விக்கெட்டுக்குத் தார்ப் பீப்பாய். பந்து தேயிலைக்குள் விழுந்தால் கீழ்மலை வரை உருளும். கொழுந்து எடுக்கிற அக்காமார் யாராவது கண்டால் எடுத்து மேலே எறிவார்கள், காணாவிட்டால் பந்து போனதுதான். அதனால் எங்கள் ஊரில் சிக்ஸர் அடித்தால் அவுட். இப்படிப் பழகியவன் பாடசாலை மட்டப் போட்டிக்குப் போனால் தரையோடு தரையாகத் தட்டிக்கொண்டு நிற்கிறான். மாஸ்டர் அவனைத் திட்டுகிறார்.

தோட்டங்களில் மிஞ்சியிருக்கிற சமதரைகளைக் கம்பெனிகளும் பிரதேச சபைகளும் அளந்து, விளையாட்டு மைதானம் என்று எழுத்தில் பதிந்து வைக்க வேண்டும். கேட் போட வேண்டாம், டிக்கட் வேண்டாம், சீசனில் வாகனம் நிறுத்தவும் கொடுக்க வேண்டாம். பெவிலியன்கூட இப்போதைக்குக் கேட்கவில்லை. ஒரு ரோலர் கிடைத்தால் போதும்.

பஸ்ஸில் பேசிய அந்த ஐயா இதைப் படித்தால் ஒரு சனிக்கிழமை எங்கள் வளைவுக்கு வரட்டும். பஸ் ஹோர்ன் கேட்டதும் பீப்பாயைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கத் தெரிந்தால் அவரையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கந்தப்பளை.